நான் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை

இந்த நாற்காலிக்கு ஆள் வருகிறதா அண்ணே? இல்லையென்றால் உட்கார்ந்துகொள்கிறேன். முதலில் அந்த ஜன்னல் பக்கம்தான் இருந்தேன், வெயில் அடித்தது. பிறகு தூணுக்குப் பக்கத்தில், அங்கே ஃபேன் காற்று வரவில்லை. இங்கே பரவாயில்லை. பரவாயில்லை என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் டோக்கன் எத்தனை? எழுபத்தொன்றா. எனக்கு அறுபத்தெட்டு. இப்போதுதான் நாற்பத்தொன்று போகிறது. சாப்பாட்டுக்கு முன்னால் நம்மைக் கூப்பிட மாட்டார்கள். சான்றிதழ் சரிபார்க்கிற இடத்தில் அவசரம் என்பதே கிடையாது, டி.சி.யைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். எனக்குத் தெரியும். போன வருடமும் இதே பாலிடெக்னிக், இதே ஹால், இதே எம்பிஏ கலந்தாய்வு. ஆமாம், எனக்கு இது இரண்டாவது தடவை.

ஏன் என்று கேட்கிறீர்களா? கேட்கவில்லையா, சரி. ஆனாலும் சொல்கிறேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் நியாயம் தெரிந்தவர் மாதிரி இருக்கிறது. கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், யார் மேல் தப்பு என்று.

எனக்கு ஒரு நண்பன். ஆவுடையப்பன். சங்கரன்கோவிலில் ஒரே தெரு. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. பி.காம் படித்ததும் ஒன்றாகத்தான். என் பெயர் இசக்கிராஜா. அவன் வாயில் அது முழுசாக வந்ததே இல்லை, ‘ஏலே இசக்கி’தான். அவனுக்கு அப்பா கிடையாது. அம்மா, ஓர் அக்கா. சாயங்காலமானால் திருவேங்கடம் சாலையில் ஒரு மெடிக்கலில் நிற்பான். டாக்டர் எழுத்தையே படிக்கிறவனுக்கு நுழைவுத் தேர்வு என்ன பெரிய விஷயம் என்று நான் கேலி செய்வேன்.

சேர்ந்துதான் படித்தோம். நான் மூன்று கோச்சிங் மாறினேன். நான் வேண்டாம் என்று போட்ட புத்தகங்களை அவன் எடுத்துப் படித்தான். சொல்லிக்காட்டவில்லை, தகவலுக்குச் சொல்கிறேன். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தது யார்? நான். சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசுக்கு நாலு தடவை பைக்கில் கூட்டிக்கொண்டு அலைந்தது யார்? நான்தான். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேளுங்கள்.

தரவரிசைப் பட்டியல் வந்தது. எனக்கு ஆயிரத்து நூற்று எண்பத்து நான்கு. அவனுக்கு ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்று.

“ஏலே இசக்கி, நமக்கு நடுவுல ஆறு பேரு உக்காந்திருக்கானுவ. அதுல ஒருத்தனையாவது நம்ம ஊர்க்காரனாப் பாத்துப் போட்டிருக்கலாம்லா?” என்று சிரித்தான்.

அந்த ஆறு பேரும் வேறு வேறு ஒதுக்கீட்டுப் பிரிவு. எங்கள் பிரிவில் எனக்கு அடுத்த பெயர் அவனுடையதுதான். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். நானும் அப்போதே கவனித்தேன். பெருமையாக இருந்தது. அடுத்தடுத்த பெஞ்சு மாதிரி.

அப்புறம் கல்லூரிகளை வரிசைப்படுத்துகிற நாள். எது முதலில் வேண்டும், எது இரண்டாவது வேண்டும் என்று நாமே கம்ப்யூட்டரில் போட வேண்டும், அதன்படிதான் இடம் ஒதுக்குவார்கள். உங்களுக்குத் தெரியும். மரியதாஸ் அண்ணன் என்று ஒருவர் எங்கள் ஊரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார், அங்கே போனோம். நான் எண்பத்தேழு கல்லூரி போட்டேன். மரியதாஸ் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, நீ காலேஜ்ல சேரப் போறியா, இல்ல காலேஜ்காரங்களுக்கெல்லாம் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போறியா?” என்றார்.

ஆவுடை எத்தனை போட்டான் தெரியுமா? ஒன்று.

“ஒண்ணே ஒண்ணா?”

“ஒண்ணுதாண்ணே.”

“கெடைக்கலன்னா?”

“கெடைக்கலன்னா மெடிக்கல் இருக்குல்லா.”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். சும்மா நாலைந்து போட்டுவைக்கச் சொன்னேன். கேட்கவில்லை. முதல் தப்பு அங்கேதான் அண்ணே, அவனுடையது. திருச்சிப் பக்கம் ஓர் அரசுக் கல்லூரி அது. அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி அவன் அக்கா கோமதி வீடு. அக்கா வீட்டில் தங்கிக்கொண்டு படிக்கலாம், சாயங்காலம் அங்கேயும் ஒரு மெடிக்கலில் நின்று அம்மாவுக்கு அனுப்பலாம். வேறு எந்த ஊர் என்றாலும் தனக்கு ஆகாது என்றான். அது அவன் கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்தக் கல்லூரியைப் பற்றி அவன் பேசுவதைக் கேட்க வேண்டும் நீங்கள். அக்காவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் உள்ளே போய்ச் சுற்றிவிட்டு வருவானாம். முதல் வருடமே பிள்ளைகளைக் கொண்டுபோய் வெங்காய மண்டியில் இரண்டு வாரம் உட்காரவைப்பார்களாம். விடியற்காலை லாரி வருவதிலிருந்து கடைசி மூட்டை போகிற வரைக்கும் கூட இருந்து பார்த்து எழுத வேண்டுமாம். “புஸ்தகத்துல இருக்கது எல்லாவனுக்கும் தெரியும்ல. இது ஏவாரம். கண்ணால பாக்கலாம்” என்பான். அவன் சொல்லச் சொல்ல எனக்கே அந்த மண்டியில் மூட்டை மேல் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

என் பட்டியலில் அந்தக் கல்லூரி அறுபத்திரண்டாவது இடத்தில் கிடந்தது. இவ்வளவு நல்ல கல்லூரியை இவ்வளவு கீழே வைத்திருக்கிறோமே என்று தோன்றியது. மேலே ஏற்றினேன். ஒரு தடவை அம்புக்குறியை அழுத்தினால் ஓர் இடம்தான் ஏறும். அறுபத்தொன்று, அறுபது, ஐம்பத்தொன்பது… விரல் வலித்துவிட்டது. மூன்றாவது இடத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். முதல் இரண்டும் சென்னைக் கல்லூரிகள், அதெல்லாம் நமக்கு எங்கே கிடைக்கப் போகிறது.

அவனுக்குத் தெரியாமலா என்று கேட்காதீர்கள். அவன் பக்கத்துக் கம்ப்யூட்டரில்தான் இருந்தான். திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நாற்பத்து மூன்று போகிறது. மெதுவாகத்தான் போகிறது. கொஞ்சம் இருங்கள், போனில் இந்தக் கலந்தாய்வுப் பக்கத்தை ஒரு தடவை ரெஃப்ரெஷ் செய்துகொள்கிறேன். ஒன்றுமில்லை, பழக்கமாகிவிட்டது.

ஒதுக்கீடு வந்த அன்றைக்கும் அதே சென்டர்தான். எனக்குத் திருச்சிக் கல்லூரி. அவனுக்கு ‘இடம் ஒதுக்கப்படவில்லை’. எங்கள் பிரிவில் அங்கே கடைசி இடம் என்னோடு முடிந்திருந்தது. அவன் என் திரையை எட்டிப் பார்த்தான்.

“ஏலே, இது நம்ம காலேஜுல்லா?”

“ஆமால.”

“நீயும் அதத்தான் போட்டியா? சொல்லவே இல்ல?”

“நீ கேக்கலலா.”

“அதுவுஞ்சரிதான்” என்றான். அப்புறம் என் முதுகில் ஒன்று போட்டான். “கோமதியக்காட்ட சொல்லிருதேன். ஒனக்கும் சேத்து ஒல வச்சிருவா.”

பார்த்தீர்களா, அப்போது அவனுக்குக் கோபமே இல்லை. மரியதாஸ் அண்ணனிடம், “ரெண்டாவது சுத்து இருக்குல்லாண்ணே?” என்று மட்டும் கேட்டான். “இருக்கு. ஒனக்கு முன்னால இருக்கவன் எவனாச்சும் விட்டான்னா ஒனக்குத்தான்” என்று சொல்லிவிட்டு மரியதாஸ் அண்ணன் என்னைப் பார்த்தார். என்னை ஏன் பார்த்தார் என்று எனக்கு இன்றுவரைக்கும் விளங்கவில்லை.

கிடைத்த இடத்தை ஏற்கிறேன் என்றும் சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம், ஏற்கிறேன் ஆனால் மேலே ஏதாவது கிடைத்தால் அங்கே போகிறேன் என்றும் சொல்லலாம். நான் மூன்றாவதைச் சொன்னேன். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள்.

பெங்களூர் விஷயம் இதில் சேராது. அது தனி. அங்கே ஒரு தனியார் கல்லூரியில் என் சித்தப்பா ஏற்கெனவே இடம் பேசிவைத்திருந்தார். ஒதுக்கீடு வந்த மறு வாரம் போய்ச் சேர்ந்தும்விட்டேன். கோட்டு, டை எல்லாம் உண்டு. அப்படியானால் திருச்சி இடம் எதற்கு என்கிறீர்களா? பெங்களூர் சரிப்படவில்லை என்றால் அண்ணே? ஒரு மனிதனுக்குப் பாதுகாப்பு வேண்டாமா?

வேண்டாதவர்கள் இடத்தை விட்டுக்கொடுக்க ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் நேரம் கொடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு இரண்டாவது சுற்று. அதோடு அந்த வருடத்துக் கலந்தாய்வு முடிந்தது.

அந்த வாரம் முழுக்க ஆவுடை தினமும் மத்தியானம் போன் செய்தான். என்ன கேட்பான்? “சாப்ட்டியால? அங்க குளிராம்லா? போர்வ இருக்கா?” இவ்வளவுதான். இடத்தை விடப் போகிறாயா என்று ஒருநாள் கேட்டதில்லை. வாயைத் திறந்து கேட்டிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேனா? சொல்லுங்கள். அவன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். முருங்கைக்காய் கொண்டுவந்து கொடுத்து, அரை மணி நேரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். என் அம்மா போன் செய்தாள். “என்னமோ கேக்க வந்தவ மாதிரி இருந்தா. கேக்காமலே போயிட்டா. என்னவாம்ல?” எனக்கு எப்படித் தெரியும் என்றேன். குடும்பமே அப்படி. மனதில் இருப்பதை வெளியே சொல்ல மாட்டார்கள்.

கோமதியக்கா மட்டும் வெள்ளிக்கிழமை காலையில் கூப்பிட்டது. வகுப்பிலிருந்து எழுந்து வெளியே வந்து எடுத்தேன்.

“இசக்கி, கோமதி பேசுதேன். நீ இங்க வாரியா, வரலியா?”

“அக்கா, அது வந்து…”

“வாரேன்னா சொல்லு, மாடி ரூமத் தூத்துப் போடுதேன். வரலன்னா விட்டுரு. ரெண்டுல எதுன்னாலும் எனக்குச் சந்தோசந்தான்.”

“சாயங்காலத்துக்குள்ள சொல்லுதேங்க்கா.”

“அஞ்சு மணியோட முடியுது தம்பி.”

“தெரியும்க்கா.”

“தெரியும்லா? அது போதும்” என்று வைத்துவிட்டது.

நாலு மணிக்கு அறைக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். ‘இந்த இடம் எனக்கு வேண்டாம்’ என்று சிவப்பாக ஒரு பொத்தான். அழுத்தத்தான் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், அழுத்தத்தான் போனேன். அப்போது பார்த்து என் அறைக்காரன், தார்வாட்காரன், கட்டிலில் படுத்தபடியே, போன வருடம் இங்கே வேலைக்கு ஆள் எடுக்கக் கம்பெனிகள் சரியாக வரவில்லையாம் என்றான். விரலை எடுத்துவிட்டேன். நாலே காலுக்கு மறுபடியும் வைத்தேன். வெங்காய மண்டி ஞாபகம் வந்தது. எடுத்துவிட்டேன். நாலரைக்கு மறுபடியும் வைத்தேன். சித்தப்பா முகம் ஞாபகம் வந்தது, அது எதற்கு வந்தது என்று தெரியவில்லை. ஒரு டீ குடித்தால் தெளிந்துவிடும் என்று நாலே முக்காலுக்குக் கீழே இறங்கினேன். அந்த நேரத்தில் அங்கே எப்போதும் கூட்டம். திரும்பி வந்து பார்க்கும்போது ஐந்து மணி மூன்று நிமிடம். பொத்தான் சாம்பல் நிறமாகியிருந்தது.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. நிம்மதியாக இருந்தது அண்ணே. முடிவெடுக்கிற வேலையை யாரோ என் கையிலிருந்து வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. போனைப் பார்த்தால் கோமதியக்கா நாலு தடவை கூப்பிட்டிருந்தது. இனிமேல் பேசி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது சுற்றில் ஆவுடைக்கு ஒன்றும் வரவில்லை. எனக்கு அதே திருச்சி இடம் உறுதியாகி, அடுத்த வாரம் நேரில் போய்ச் சேர வேண்டும் என்று வந்தது. போகலாம் என்று டிக்கெட்கூடப் போட்டேன். பெங்களூரில் அந்த வாரம் பரீட்சை வந்துவிட்டது. ரத்து செய்துவிட்டேன்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். நான் அங்கே போய்ச் சேர்ந்தேனா? இல்லை. அவன் இடத்தில் உட்கார்ந்தேனா? இல்லை. நான் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. ஒன்றுமே செய்யாத ஒருவன் மேல் எப்படிக் கோபப்பட முடியும்?

பெங்களூரும் எனக்குச் சரிப்படவில்லை. நவம்பரில் விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். வந்த அன்றைக்கே மெடிக்கலுக்குப் போனேன். சாயங்காலம் மட்டும் நின்றவன் இப்போது முழுநாளும் நிற்கிறான். நீலக் கோட்டு ஒன்று மாட்டியிருந்தான்.

“என்ன வேணும் சார்?” என்றான்.

சார், அண்ணே. பதினோரு வருடமாக ‘ல’ போட்டுப் பேசியவன்.

“ஏலே, நான்தாம்ல.”

“தெரியுது சார். என்ன மாத்திர?”

எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. தலைவலி மாத்திரை கேட்டேன். எடுத்துக் கவரில் போட்டு, “சாப்ட்டுட்டுப் போடுங்க” என்று நீட்டினான். உடனே என் தோளுக்கு மேலே பார்த்து, “அடுத்து யாரு?” என்றான்.

எனக்குப் பின்னால் யாருமே இல்லை அண்ணே. ரோடுதான் இருந்தது.

இப்படியே விடக்கூடாது, உண்மையை அவனுக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. டிசம்பரில் திருச்சிக்குப் போனேன். அந்தக் கல்லூரி அட்டெண்டரிடம் விசாரித்தேன். “முப்பது சீட்டு தம்பி. இருபத்தொம்போது பேருதான் இருக்காங்க. ஒருத்தன் எடுத்துட்டு வரவே இல்ல. எந்தப் புண்ணியவானோ” என்றார். நான் யார் என்று அவரிடம் சொல்லவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. இரண்டாவது வரிசையில் ஓரமாக ஒரு நாற்காலி காலி. போனை எடுத்து அதைப் படம் பிடித்து ஆவுடைக்கு அனுப்பினேன். ‘பாருல, நான் எடுத்துக்கல. அப்படியேதான் இருக்கு’ என்று கீழே எழுதினேன்.

பார்த்துவிட்டான் என்று இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. இதோ, இன்னும் வைத்திருக்கிறேன், பாருங்கள். எவ்வளவு தெளிவான படம். இதற்கு மேல் ஒருவன் என்ன நிரூபிக்க முடியும்?

அவ்வளவு தூரம் போய்விட்டு அக்கா வீட்டுக்குப் போகாமல் வரலாமா? போனேன். கதவைத் திறந்தது. உட்கார் என்றது. சோறு போட்டது, புளிக்குழம்பு. கை கழுவும்போதுதான் கேட்டது.

“காலேஜப் பாத்தியா?”

“பாத்தேங்க்கா.”

“நல்லாருக்கா?”

“நல்லாருக்குக்கா.”

“ஆமா. நல்ல காலேஜு” என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. அக்காவுக்கு என் மேல் கோபம் இல்லை என்று அப்போதே தெரிந்துகொண்டேன். கோபம் இருந்தால் சோறு போடுமா? பிடிவாதமெல்லாம் அவனுக்குத்தான். இந்த வருடமும் அவனுக்கு நானே விண்ணப்பம் போட்டேன், அவனிடம் கேட்காமலே. பழைய போட்டோவை ஒட்டி, எல்லாம் சரியாக. ஹால் டிக்கெட்டை அவன் அம்மா கையில் கொடுத்துவிட்டு வந்தேன். பரீட்சைக்கு வரவில்லை. எனக்கு முன் பெஞ்சுதான் அவனுக்கு, காலியாகவே கிடந்தது. இதற்கு மேல் ஒருவனுக்கு என்னதான் செய்வது?

ஐம்பத்திரண்டு போகிறது. பரவாயில்லை, வேகம் பிடித்துவிட்டார்கள்.

நானே பேசிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எந்தக் கல்லூரி முதலில் போடப் போகிறீர்கள்? நாகர்கோவில் பக்கமா? ஏன் அங்கே? ஓ, மதினிக்கு அங்கேதான் பள்ளிக்கூட வேலையா. நீங்கள் திருப்பூரில். பாப்பா யூகேஜி. அது பிறந்ததிலிருந்தே மாதம் இரண்டு தடவைதான் வீட்டுக்குப் போகிறீர்களா… கஷ்டம்தான் அண்ணே. இடம் கிடைத்தால் வேலையை விட்டுவிட்டு அங்கேயே இருந்து படிப்பீர்கள். பாப்பாவை நீங்களே பள்ளிக்கூடத்தில் விடலாம். ம்.

அது நல்ல கல்லூரியா? வகுப்பு இரண்டு மணிக்கெல்லாம் முடிந்துவிடுமா! அப்புறம் பிள்ளைகள் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் ஏலம் பார்ப்பார்களா? அட. இப்படி ஒரு கல்லூரி இருப்பது எனக்குத் தெரியவே தெரியாதே. எண்பத்தேழு போட்டேன், அதில்கூட இது இல்லை பாருங்கள். அந்தக் கல்லூரியின் கோட் நம்பர் தெரியுமா? இருங்கள், பேனா எடுத்துக்கொள்கிறேன். இப்போது சொல்லுங்கள்.

சும்மா குறித்துவைக்கத்தான். உங்கள் ரேங்க் எத்தனை அண்ணே? தொள்ளாயிரத்து ஆறு. எனக்குத் தொள்ளாயிரத்து இரண்டு! எந்தப் பிரிவு? அப்படிப் போடுங்கள், நாம் இரண்டு பேரும் ஒரே பிரிவுதான்.

ஏன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது? பயப்படாதீர்கள். எனக்குச் சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் இடம் உறுதியாகிவிட்டது, அங்கேதான் போவேன். போவேன் என்றுதான் நினைக்கிறேன். அப்படியே உங்கள் கல்லூரி எனக்கு விழுந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. என் போன் நம்பரை வைத்துக்கொள்ளுங்கள். ஆவுடை மாதிரி மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்காமல் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேளுங்கள், விட்டுக்கொடுத்துவிடுகிறேன். அவசரமே இல்லை அண்ணே. கடைசி நாள் ஐந்து மணி வரைக்கும் நேரம் இருக்கும்.